கடலாய்வுக்கு ஒரு பொதுக் களம்

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூருக்குச் செல்லும் சாலையில் காப்பார் இருக்கிறது. சாலையை விட்டு மேற்கே சென்றால் மலாக்கா நீரிணைக் கரை. ஆனால் அங்கே போகிறவரின் கண்ணில் கடல் உடனே படாது. முதலில் பாக்காவ் என்று நாம் அழைக்கும் கண்டல் மரங்கள். அவற்றைத் தாண்டினால் வெகு தூரத்திற்குச் சேறு. அந்தச் சேற்றுக்கும் அப்பால்தான் தண்ணீர். நீர் வற்றிய வேளையில் இந்தக் கரையைப் பார்ப்பவர், "இந்தச் சேற்றில் என்ன இருக்கிறது?" என்று கேட்கக்கூடும். நம் சமையலறைக்கு வரும் வெள்ளை இறால், பசாரில் வாங்கும் கெராங் மட்டி, பெலாச்சான் செய்ய உதவும் கெராகாவ் என்னும் பொடி இறால் ஆகிய எல்லாமே இத்தகைய சேற்றுக் கரையையும் அதை அடுத்த ஆழமில்லாத கடலையும் நம்பி வாழ்கின்றன. அந்தப் பொடி இறாலைத் தமிழ்நாட்டில் சென்னாக்கூனி என்பார்கள்.

இந்த ஆண்டு இறால் ஏன் குறைந்தது? மட்டிக் குஞ்சுகள் ஏன் முன்போல் கிடைக்கவில்லை? கரையிலே ஒரு தொழிற்சாலை வந்தால் சேற்றில் வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும்? இவை மீனவர்கள் கேட்கும் கேள்விகள். விடை தேடும் பொறுப்பு கடல் உயிரியல் அறிஞர்களுடையது. ஆனால் விடை தேடுவதற்குக் கப்பல் வேண்டும், கடல்நீர்த் தொட்டிகள் வேண்டும், உயர்ந்த நுண்ணோக்கிகள் வேண்டும், பல ஆண்டுப் பதிவேடுகள் வேண்டும். இவை அனைத்தையும் ஓர் அறிஞரோ ஒரு கல்லூரியோ தனித்து வைத்துக்கொள்ள முடியாது. ஆகவேதான் பலரும் சேர்ந்து பயன்படுத்தும் பொது ஆய்வு வசதிகள் தோன்றின. அவை எப்படி இயங்குகின்றன, அவற்றால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன பயன் என்பதை இப்போது பார்ப்போம்.

முதலில் ஒரு வெள்ளை இறாலின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். தாய் இறால் கரையை விட்டு விலகிக் கடலில் முட்டையிடுகிறது. ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து, தூசி போன்ற இளவுயிரி வெளிவருகிறது. அது மீண்டும் மீண்டும் தோலுரித்து உருவம் மாறுகிறது. தொடக்க நிலையில் அதைப் பார்க்கும் எவரும் இறால் என்று சொல்லமாட்டார். இரண்டு மூன்று வாரங்களில் அது சிறு இறாலாகி, ஏறிவரும் நீரோடு கழிமுகத்திற்கும் கண்டல் காட்டு ஓடைகளுக்கும் வந்து சேர்கிறது. அங்கே சில மாதங்கள் தின்று வளர்ந்தபின் மறுபடியும் கடலுக்குத் திரும்பி, தன் இனத்தைப் பெருக்குகிறது.

இந்த ஒரு சிறு பிராணியின் கதையை முழுமையாக அறிய என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முட்டையிடும் இடத்தை அறியக் கடலுக்குச் செல்லும் ஆய்வுக் கப்பல் வேண்டும். இளவுயிரியைப் பிடிக்க மெல்லிய வலை வேண்டும். அதை இன்ன இனம் என்று அடையாளம் காண நுண்ணோக்கியும், இக்காலத்தில் மரபணுச் சோதனையும் வேண்டும். அது வளரும் விதத்தைப் பார்க்க, தூய்மையான கடல்நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வேண்டும். ஓடைக்குள் புகுந்து ஆராய அடிதட்டையான சிறு படகும், அந்தச் சேற்றை நன்கறிந்த படகோட்டியும் வேண்டும். ஓர் இறாலுக்கே இவ்வளவு என்றால், ஒரு கடற்கரை முழுவதையும் ஆராய எவ்வளவு வேண்டும்!

நம் முன்னோர் வாழ்ந்த நெல் கிராமங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வயல் அவரவருக்குச் சொந்தம். ஆனால் கதிரடிக்கும் களம் பல ஊர்களில் பொதுவானது. ஆளுக்கொரு களம் அமைப்பது வீண் செலவு. ஆண்டில் சில நாள் மட்டுமே தேவைப்படும் இடத்தை முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். களத்தைக் கெடுக்காமல் அடுத்தவருக்கு விட்டுச் செல்வது அங்கே எழுதாத சட்டம். கடலாய்வுக்கான பொது வசதியும் இத்தகைய களமே. ஆராய்ச்சிக் கேள்வி அவரவருடையது. கப்பலும் தொட்டியும் கருவியும் எல்லாருக்கும் பொது.

இந்த எண்ணத்திற்கு முதன்முதலில் பெரிய அளவில் உருவம் கொடுத்தவர்களில் ஒருவர் அன்டன் டோர்ன் என்னும் ஜெர்மானியர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் அவர் 1872-ஆம் ஆண்டு ஒரு விலங்கியல் நிலையத்தை நிறுவினார். கட்டடம் எழுந்தது, நாள்தோறும் ஆகும் செலவுக்கு வழி என்ன? அவர் 'மேசை' என்று ஒரு முறையை வகுத்தார். ஓர் அரசோ பல்கலைக்கழகமோ ஆண்டுக்கு இவ்வளவு என்று வாடகை செலுத்தி ஒரு மேசையை எடுத்துக்கொள்ளலாம். அந்த மேசைக்கு அனுப்பப்படும் அறிஞருக்கு ஆய்வுக்கு இடம், இரசாயனப் பொருள்கள், நூலகம், உதவியாளர்கள் ஆகிய எல்லாம் கிடைக்கும். அன்று பிடித்த உயிரினங்கள் அவருடைய இடத்திற்கே வந்து சேரும். கீழ்த்தளத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சிச்சாலை ஒன்றும் இருந்தது. அதன் நுழைவுக் கட்டணமும் ஆய்வுக்கு உதவியது. டோர்ன் 1909-இல் மறைந்தபோது ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 2,200-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் அங்கே வந்து பணியாற்றிச் சென்றிருந்தார்கள்.

அந்த நிலையத்தின் புகழுக்குக் காரணமானவர்களில் சல்வத்தோரே லோ பியாங்கோ என்பவரையும் சொல்லவேண்டும். அவர் பதினான்கு வயதுச் சிறுவனாக அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். கடலிலிருந்து எடுத்தவுடன் சுருங்கிப்போகும் மென்மையான உயிரினங்களை, அவை உயிரோடிருந்த தோற்றத்திலேயே பதப்படுத்தி வைக்கும் கலையில் அவர் ஈடற்றவரானார். அவர் பதப்படுத்திய மாதிரிகளைப் பல நாட்டு அருங்காட்சியகங்கள் விலை கொடுத்து வாங்கின. இதிலிருந்து நாம் அறிவது ஒன்று உண்டு. பொது வசதி என்பது வெறும் கட்டடமும் கருவியும் அல்ல. அவற்றைப் பேணிக் காத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே தரத்தில் பணி செய்யும் கைதேர்ந்த ஊழியர்களே அதன் உயிர்.

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். 1960-களின் முற்பகுதியில் அனைத்துலக இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் என்னும் பெருமுயற்சி நடைபெற்றது. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் கப்பல்கள் அதில் பங்கு கொண்டன. ஒவ்வொரு கப்பலும் தனக்குப் பிடித்த வலையைப் பிடித்த ஆழத்தில் இழுத்தால், ஒன்றின் கணக்கை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. ஆகவே எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே வகை வலை வகுக்கப்பட்டது. அதன் வாயின் பரப்பு ஒரு சதுர மீட்டர். 200 மீட்டர் ஆழத்திலிருந்து கடல் மேற்பரப்பு வரை அதை நேராக மேலே இழுக்கவேண்டும். இவ்வாறு கிடைத்த ஏறத்தாழ 2,000 மிதவை உயிரி மாதிரிகள் கேரளத்தின் கொச்சி நகரில் யுனெஸ்கோ துணையோடு அமைந்த இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்திற்கு வந்து சேர்ந்தன. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஒவ்வொரு புட்டியையும் திறந்து, இறாலினம் ஒருபுறம், மீன் குஞ்சு ஒருபுறம், அம்புப்புழு ஒருபுறம் எனப் பிரித்தார்கள். பிரித்தவை அந்தந்த இனத்தில் வல்ல அறிஞர்களுக்கு அனுப்பப்பட்டன. கப்பல் ஒரு நாட்டினுடையது. பிரிக்கும் கைகள் இன்னொரு நாட்டினுடையவை. படித்துச் சொல்லும் கண்கள் மூன்றாவது நாட்டினுடையவை. ஒரு பெருங்கடலின் உயிர்வளம் இவ்வாறுதான் வரைபடமாக உருவாயிற்று.

இவ்வளவு பெரிய ஏற்பாடுகள் எங்கேயோ நடப்பவை என்று நாம் எண்ணிவிட வேண்டாம். காப்பாருக்குத் தெற்கே உள்ள போர்ட் கிள்ளானில் எடுத்த அளவுகளே உலகத்தார் பலருக்குப் பொதுச் சொத்தாகப் பயன்பட்டிருக்கின்றன. 1928-ஆம் ஆண்டு வாட்சன் என்னும் காட்டிலாகா அதிகாரி மலாயாவின் கண்டல் காடுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் பெற்றிருந்த அந்தத் துறைமுகத்தின் நீர் ஏற்ற இறக்கத்தை வைத்து, கடல்நீர் மாதத்திற்கு எத்தனை முறை நிலத்தை மூடுகிறது என்று கணக்கிட்டு ஐந்து வகுப்புகளை அவர் அமைத்தார். முதல் வகுப்பு நிலத்தை நீர் மாதத்திற்கு 56 முதல் 62 முறை மூடும். ஐந்தாம் வகுப்பு நிலத்தை இரண்டு முறைக்கும் குறைவாகவே மூடும். எந்த வகுப்பு நிலத்தில் எந்தக் கண்டல் மரம் வளரும் என்பதை அதனால் சொல்ல முடிந்தது. இன்றும் அழிந்த கண்டல் காட்டை மீண்டும் நட முயல்பவர்கள் இந்த வகுப்புகளை எடுத்துப் பார்க்கிறார்கள்.

அதே போர்ட் கிள்ளானில் நில அளவைத் துறையின் நீர்மட்ட அளவி ஒன்று இருக்கிறது. 1984 முதல் 1993 வரை பத்து ஆண்டுகள் அது பதிந்த கடல்மட்டத்தின் சராசரியே தீபகற்ப மலேசியாவில் நில உயரங்களை அளப்பதற்கு அடிப்படை. ஒரு மலை இத்தனை மீட்டர் உயரம் என்று சொல்லும்போது, நம் வீட்டுக்கு அருகிலுள்ள கடலிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறோம். சேற்றில் வாழும் நண்டை ஆராய்கிறவர், கரையோரச் சாலை போடுகிறவர், வெள்ளத் தடுப்புக் கரை கட்டுகிறவர் ஆகிய மூவருக்கும் அந்தப் பதிவு உதவுகிறது. யாரும் வியந்து பார்க்காத ஓர் அளவி, நாள் தவறாமல் பதிந்துகொண்டிருந்ததால் விளைந்த பயன் இது.

மலாயாப் பல்கலைக்கழகத்து ஏ. சசேகுமார், கண்டல் கரையில் எந்த நண்டு, எந்த நத்தை எந்த இடத்தில் வாழ்கிறது என்பதை ஆராய்ந்து 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1984-இல், அவரும் வெளிநாட்டு அறிஞர்களும் இணைந்து எழுதிய மற்றோர் ஆய்வு வெளிவந்தது. கண்டல் இலை உதிர்ந்து மக்குகிறது. அந்த உணவு இறாலுக்கும் மீனுக்கும் உண்மையில் போய்ச் சேர்கிறதா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இயற்கையில் கரிமம் இரண்டு நிலையான வகைகளாக இருக்கிறது. ஒன்று சற்றே கனமானது. கண்டல் இலையில் இவ்விரண்டும் கலந்திருக்கும் விகிதம் வேறு. கடலில் மிதக்கும் நுண்தாவரத்தில் உள்ள விகிதம் வேறு. தின்னும் பிராணியின் தசையில் அந்த விகிதம் படிந்துவிடுகிறது. ஆகவே இறாலின் தசையைச் சோதித்தால் அது எதைத் தின்று வளர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஓடைகளில் வாழ்ந்த பல பிராணிகளில் கண்டலின் அடையாளம் காணப்பட்டது. கரையை விட்டு விலகிச் செல்லச் செல்ல மிதவைத் தாவரத்தின் அடையாளம் மேலோங்கியது.

இந்தச் சோதனைக்கு அணுக்களின் எடையைப் பிரித்தறியும் நுட்பமான கருவி தேவை. அது சேற்றுக் கரையில் வைக்கக்கூடியது அல்ல. எல்லாக் கல்லூரிகளும் வாங்கக்கூடியதும் அல்ல. சேற்றில் முழங்கால் புதைய நடந்து இறாலைப் பிடித்து வந்தவரும், குளிரூட்டிய அறையில் கருவியை இயக்கியவரும் கைகோத்தபோதுதான் விடை கிடைத்தது. கண்டல் காட்டை வெட்டினால் மீனவனின் வலையில் என்ன குறையும் என்று பேசுவதற்கு இப்படிப்பட்ட சான்றுகளே துணை நிற்கின்றன.

இன்று மலேசியாவில் இத்தகைய நிலையங்கள் பல இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் கிளந்தான் மாநிலத்தின் பாச்சோக்கில் உள்ளது. அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிலையம் பினாங்குத் தீவின் மூக்கா ஹெட் கரையில் உள்ளது. மீன்வள இலாகாவின் ஆய்வுக் கழகம் அதே தீவின் பத்து மாவுங்கில் இயங்குகிறது. திரங்கானுப் பல்கலைக்கழகத்தின் கடலியல் கழகம் தென்சீனக் கடல் உயிரினங்களின் மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் ஒன்றை நடத்துகிறது. சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவில் 2002-இல் தொடங்கிய ஆய்வுக்கூடம், பின்னர் அந்நாட்டின் பல நிறுவனங்களுக்கும் பொதுவான தேசியக் கடல் ஆய்வுக்கூடமாயிற்று. இவற்றில் பல தெளிந்த நீர் உள்ள கரைகளில் அமைந்தவை. அதற்குக் காரணம் உண்டு. கடல்நீரை இறைத்து, தங்கவைத்து, மணல் வழியே வடித்துத் தொட்டிக்கு அனுப்பவேண்டும். காப்பார்க் கரையைப் போலச் சேறு கலந்த நீர் என்றால் வடிகட்டிகள் விரைவில் அடைத்துக்கொள்ளும். ஆகவே சேற்றுக் கரையை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் களத்தில் மாதிரி எடுத்துக்கொண்டு, வேறிடத்து வசதிகளை நாடிச் செல்லவேண்டியிருக்கிறது. வசதிகள் பொதுவாக இல்லையென்றால், ஆராயப்படும் கரைகள் வசதியுள்ள கரைகளாகவே இருந்துவிடும். இறாலும் மட்டியும் தரும் சேற்றுக் கரைகள் பின்தங்கிவிடும்.

சில வேளைகளில் ஆய்வுக்கென்று கட்டாத இடமும் ஆய்வுக்குப் பொதுவாகிவிடுவது உண்டு. காப்பார்க் கடற்கரையில் 1980-களில் எழுந்த சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையத்தில் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டக் குளங்கள் அமைத்தார்கள். சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் கரைப்பறவைகள், நீர் வற்றும்போது சேற்றில் இரை தேடும். நீர் ஏறிச் சேறு மறைந்துவிட்டால் அவை நிற்க இடம் வேண்டும். அவை அந்தச் சாம்பல் குளங்களைத் தேடி வந்தன. மேற்குக் கரையின் முக்கியமான பறவைத் தங்குமிடங்களில் ஒன்றாக அது பதிவாயிற்று. பறவைகளை எண்ணுவதற்கு அதைவிட ஏற்ற இடம் அரிது. சேற்றில் புழுவும் மட்டியும் குறைந்தால் பறவையும் குறையும். எனவே குளக்கரையில் நின்று எடுக்கும் கணக்கு, கடலின் உடல்நலத்தைப் பற்றியும் ஓரளவு சொல்கிறது. ஒரு தொழில் நிறுவனத்தின் வேலி திறந்து, எண்ணுகிறவருக்கு வழி விட்டால் போதும். அதுவும் ஓர் ஆய்வு வசதியே.

மின்நிலையங்களுக்கும் கடலறிவு தேவை. தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் குளிர்ச்சிக்காகக் கடல்நீரை இழுக்கும்போது, சொறிமீன் கூட்டம் வந்து நீர் வாயிலை அடைத்துத் தொல்லை கொடுத்திருக்கிறது. அந்தச் சொறிமீன் எது, எப்போது பெருகும் என்பதை உயிரியல் அறிஞரிடம்தான் கேட்கவேண்டும். ஆய்வுக்கு உதவுவது தருமம் மட்டுமன்று, தொழிலுக்கும் நன்மை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பொதுக் களத்திற்குச் சில ஒழுங்குகள் உண்டு. முதலாவது, பெயர்ச்சீட்டு. ஒரு புட்டியில் நண்டு இருந்து, அது எங்கே, எந்த நாளில், யாரால், எந்த முறையில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால், அந்த நண்டால் பயன் இல்லை. குறிப்பு இருந்தால், ஐம்பது ஆண்டு கழித்து அந்தக் கரை காணாமற்போன பிறகும், அங்கே என்ன வாழ்ந்தது என்று அந்தப் புட்டி சாட்சி சொல்லும். இரண்டாவது, ஒரே அளவுமுறை. மூன்றாவது, முறை வைத்துப் பயன்படுத்துவதும், செலவில் பங்கு ஏற்பதும், கருவியைப் பழுதின்றி ஒப்படைப்பதும்.

நான்காவது ஒழுங்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. பகிர்வு இரு பக்கமும் நடக்கவேண்டும். ஒரு காலத்தில் ஏழை நாடுகளின் கரைகளிலிருந்து மாதிரிகள் கப்பலேறிச் சென்றன. அறிவு திரும்பி வரவில்லை. இதைச் சரிசெய்யவே உயிர்வளங்களை அணுகுவதற்கும் அவற்றால் வரும் பயனைப் பகிர்வதற்கும் மலேசியா 2017-இல் ஒரு சட்டம் இயற்றியது. அது 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. படகு கொடுத்தவர், வலை இழுத்தவர், சேற்றில் வழி காட்டியவர் ஆகியோருக்கு ஆய்வின் முடிவைத் தெரிவிக்கவேண்டும். அதையும் அவர்களுக்குப் புரியும் மொழியில் தெரிவிக்கவேண்டும். ஆய்வேட்டில் மட்டும் தங்கிவிடும் விடை, கேள்வி கேட்ட மீனவருக்கு விடையாகாது.

உலகெங்கும் இந்தப் பகிர்வு இன்று விரிந்து வருகிறது. ஐரோப்பாவின் கடல் உயிரியல் நிலையங்கள் பல ஒன்று சேர்ந்து, 2018-இல் சட்டப்படியான ஒரே அமைப்பாயின. ஒரு வாசலில் விண்ணப்பித்தால் பல நாட்டு நிலையங்களின் வசதிகளைப் பெற அது வழி செய்கிறது. கடல் உயிரினம் எது, எங்கே, எப்போது காணப்பட்டது என்ற பதிவுகளைத் திரட்டித் தரும் 'ஓபிஸ்' என்னும் தகவல் தொகுப்பு 2009 முதல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கிள்ளானில் படிக்கும் ஒரு மாணவியும், நேப்பிள்ஸ் நகரப் பேராசிரியரும் ஒரே பதிவைப் பார்க்கலாம்.

நம் மாணவர்கள் இதில் பங்கு கொள்ள முடியாதா? முடியும். கடற்படையின் நீர்நிலை ஆய்வு மையம் ஆண்டுதோறும் வெளியிடும் நீர் ஏற்ற இறக்க அட்டவணையைப் பள்ளியின் அறிவியல் கழகம் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். ஆசிரியரோடும், கரையை அறிந்த பெரியவரோடும், நீர் வற்றும் நேரம் அறிந்து கரைக்குச் செல்லலாம். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே அளவுள்ள சதுரத்திற்குள், சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீன் எத்தனை, நண்டு வளை எத்தனை என்று எண்ணி, நாளும் நேரமும் எழுதி வைக்கலாம். ஒரு மாதக் கணக்கு விளையாட்டாகத் தோன்றும். ஐந்து ஆண்டுக் கணக்கு எந்த ஆய்வாளரும் நாடி வரும் செல்வமாகும்.

கடலில் மீன் பிடிக்கும் உரிமைக்கு எல்லை வகுக்கலாம். இறால் குஞ்சுக்கு அந்த எல்லை தெரியாது. அது பிறக்கும் இடம் ஒன்று, வளரும் இடம் ஒன்று. அதைப் பின்தொடரும் அறிவும் பல இடங்களைச் சேர்ந்தவர்களின் கூட்டு உழைப்பாகத்தான் இருக்கமுடியும். அந்த உழைப்புக்கு வேண்டிய களத்தை அமைத்து, அதைப் பேணி, அதன் விளைச்சலை அதற்குரிய மக்களிடம் கொண்டு சேர்ப்பது நம் எல்லாருடைய பொறுப்பாகும்.